விளையாட்டு நகரமும் மனித நகரமும்

சிறு பிள்ளையொன்று தரையில் அமர்ந்து, வண்ண வண்ணப் பிளாஸ்ரிக் கட்டைகளால் ஒரு நகரத்தைக் கட்டுகின்றது. இங்கே புகையிரத நிலையம், அங்கே வைத்தியசாலை, நடுவே கோவில், அதைச் சுற்றி வீடுகள். பார்த்து நிற்கும் பெரியவர்கள், பிள்ளை குழப்படி செய்யாமல் இருக்கின்றதே என்று நிம்மதி அடைவதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் அந்தச் சிறு நகரம் பெரியவர்களாகிய நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றது. கட்டைகளை விரும்பியபடி அடுக்கும் அதிகாரம் பிள்ளைக்கு உண்டு. மனிதரை அவ்விதம் அடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இக்கட்டைகள் பிறந்த இடம் டென்மார்க் நாட்டின் பிலுண்ட் என்னும் சிற்றூர். அங்கே வாழ்ந்த ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்னும் தச்சர், உலகப் பொருளாதார மந்தத்தினால் வேலை குறைந்திருந்த 1932ஆம் ஆண்டில் மரத்தாலான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் டேனிய மொழிச் சொற்களிலிருந்து 'லெகோ' என்னும் பெயர் உருவானது. 1955இல், வீதிகள் வரையப்பட்ட விரிப்பொன்றின் மேல் வீடுகளையும் மரங்களையும் வாகனங்களையும் வைத்து நகரம் அமைக்கும் தொகுதி வெளிவந்தது. கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இன்றைய அமைப்பு 1958இல் வந்தது. அன்று செய்த கட்டை இன்று செய்யப்படும் கட்டையோடு பிசகின்றிப் பொருந்துகின்றது. 1978இல், கையும் காலும் அசையும், புன்னகை மாறாத சிறு மனித உருவங்கள் அந்நகரத்தில் குடிபுகுந்தன.

இவ்விளையாட்டு நல்லதே. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம் எனக் கணிதம் காட்டுகின்றது. அத்தனை வழிகளுள் தன் வழியைத் தேடும் பிள்ளை, படைத்தவரின் சாயலைத் தன்னிடத்தில் வெளிப்படுத்துகின்றது அன்றோ? புனித தோமஸ் அக்குவினாஸ், அரிஸ்ரோட்டிலைப் பின்பற்றி, விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று போதித்தார். அளவு மீறி விளையாடுவது எவ்விதம் குறையோ, விளையாட்டே அறியாமல் இருப்பதும் அவ்விதமே குறை என்பது அவர் கருத்து. எனவே, "படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு?" என்று எந்நேரமும் அதட்டும் பெற்றோர் சற்று நிதானிக்க வேண்டும்.

ஆயினும், கட்டைகள் ஏன் இவ்வளவு இலகுவாகப் பொருந்துகின்றன? அவை அனைத்தும் ஒரே அளவினால் ஆனவை என்பதனால். அவற்றுக்கு விருப்பமில்லை, வெறுப்பில்லை, நினைவில்லை. மாலையில் பிள்ளை நகரத்தைக் கலைத்துப் பெட்டிக்குள் போட்டால், ஒரு கட்டையும் அழுவதில்லை. மனித நகரம் அப்படியல்ல. ஊர் கலைந்தால் என்ன நேரும் என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொருளியல் அறிஞர் அடம் சிமித், 1759இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் 1790இல் சேர்த்த பகுதியொன்றில் இது பற்றி எச்சரித்தார். சதுரங்கக் காய்களை நகர்த்துவது போல மக்களையும் நகர்த்தலாம் என நம்பும் ஆட்சியாளன், ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தனக்கேயுரிய ஓர் இயக்கம் உண்டு என்பதை மறந்துவிடுகின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிரேசில் நாட்டின் தலைநகரான பிரசீலியா இதற்குத் தக்க சான்று. வெறும் சமவெளியில், லூசியோ கொஸ்தா வரைந்த திட்டப்படி எழுப்பப்பட்டு, 1960 ஏப்ரல் 21இல் திறக்கப்பட்ட நகரம் அது. மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த பறவை போன்ற அழகிய அமைப்பு. ஆனால் அதைக் கட்ட வந்த ஏழைத் தொழிலாளருக்கு அந்த வரைபடத்தில் இடமிருக்கவில்லை. அவர்களுக்கென்று தகுவாற்றிங்கா என்னும் புற நகரம் 1958இலேயே, அதாவது தலைநகரம் திறக்கப்படுமுன்பே, உருவாக வேண்டியதாயிற்று. வரைபடத்திற்கு வீதி தெரிந்தது. வீதி போட்டவனைத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து சென்றபின், தெற்குக் கரையில் 100 மீற்றருக்குள்ளும், வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என 2005இல் எல்லை வகுக்கப்பட்டது. உயிர்களைக் காக்கும் எண்ணம் அதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலில் நின்றே அறிந்து வாழ்ந்த கடற்றொழிலாளியை வரைபடத்தில் ஒரு கோடு கீறி உள்ளே தள்ளினால், அவனுடைய வள்ளம் எங்கே, வலை எங்கே, வாடி எங்கே? பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. கோடு கீறுமுன் அவனையும் அழைத்துக் கேட்டிருக்கலாம் என்பதே இதில் நாம் காணும் பாடம்.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? அதுவும் தவறு. திட்டமில்லாத ஊரில் கிணற்றின் அருகே மலசலகூடம் அமையும். வலியவன் வேலி நகரும், எளியவன் ஒழுங்கை ஒடுங்கும். திட்டம் தேவை, அதைத் தீட்டுகிறவனுக்கு அடக்கமும் தேவை. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் இதற்கொரு விதியைத் தந்தார். தனி மனிதரும் சிறிய சமூகங்களும் தாமே செய்யக்கூடியதை அவர்களிடமிருந்து பறித்துப் பெரிய அமைப்புகள் செய்வது நீதிக்கு மாறானது என்பதே அவ்விதி. அரசு கிராமத்துக்கு உதவட்டும், கிராமத்தை விழுங்கவேண்டாம்.

இவ்விதி அரசுக்கு மட்டும் உரியதன்று. எத்தனை வீடுகளில் பிள்ளைகள் கட்டைகளாக இருக்கின்றனர்! மூத்தவன் வைத்தியன், இளையவன் பொறியியலாளன், மகள் வெளிநாட்டில் மணமகள் என்று தொட்டிற் பருவத்திலேயே அடுக்கி முடிக்கும் தந்தையர் உண்டு. பொருந்தாத பிள்ளையை அழுத்திப் பொருத்தப் பார்க்கின்றனர். பங்குகளை நடத்தும் குருமாரும் இதற்கு விதிவிலக்கல்லர். அன்பினால்தான் செய்கிறோம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்டறியாத அன்பு, காலப்போக்கில் அதிகாரமாகத் தடித்துவிடுகின்றது.

நம் இல்லங்களில் ஆண்டுதோறும் நாம் கட்டும் சிறு ஊர் ஒன்றும் உண்டு; அதுவே பாலன் குடில். 1223இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார், வைக்கோல் இட்ட தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பைக் காட்சிப்படுத்தினார். பிற்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத்துக் கலைஞர், குடிலைச் சுற்றித் தம் நகரத்தையே சிறு உருவில் அமைத்தனர். மீன் விற்பவள், இறைச்சிக் கடைக்காரன், பிச்சைக்காரன் என எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. அந்த நகரத்தை மேலிருந்து படைத்தவரே அதற்குள் குழந்தையாகப் படுத்திருக்கின்றார். மனிதரை அடுக்கும் முழு அதிகாரமும் உடைய ஒருவர், அந்த அதிகாரத்தைப் பாவிக்காமல் நம் நடுவே குடிவந்தார். கன்னி மரியிடம் வானதூதரை அனுப்பி, அவருடைய சம்மதத்தைப் பெற்றே வந்தார். கடவுளே காத்திருந்து கேட்டாரெனில், நாம் யார் கேளாமல் இருக்க?

புனித இராயப்பர் தமது முதல் நிருபத்தில் விசுவாசிகளை உயிருள்ள கற்களாகக் காண்கின்றார். கல்லுக்கு உயிர் இருக்குமானால், கட்டுகிறவன் அதன் குரலுக்குச் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை கட்டைகளால் நகரம் கட்டும்போது அருகில் அமருங்கள். "இந்த வீதியைக் கூட்டுகிறவருக்கு வீடு எங்கே? நடக்க முடியாத அப்பம்மா கோவிலுக்கு எப்படிப் போவார்?" என்று கேளுங்கள். பிள்ளை சிந்தித்து ஒரு கட்டையை இடம் மாற்றும். அதன்பின், "உனக்கு என்னவாக விருப்பம்?" என்று பிள்ளையிடமும் கேளுங்கள், பதிலைப் பொறுமையோடு கேட்டிருங்கள்.