செயல் எங்கே முடிகிறது, பலன் எங்கே தொடங்குகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் நடைபெற்ற ஓர் ஆன்மிக முகாமில் கர்மயோகத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சொற்பொழிவு முடிந்து அன்பர்கள் கலைந்த பின், முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் தயங்கியபடி அருகில் வந்து வணங்கினார். அவர் ஜபல்பூரைச் சேர்ந்தவர். ஹிந்தித் திரைப்படங்களுக்குத் திரைக்கதை எழுத வேண்டும் என்ற ஆவலுடன் ஏழு ஆண்டுகளுக்கு முன் மும்பைக்கு வந்தவர். அந்தேரியில் வேறு மூவருடன் ஓர் அறையில் தங்கி, பிறமொழிப் படங்களின் வசனங்களை ஹிந்தியில் மொழிபெயர்த்துக் கொடுத்து வாழ்க்கையை நடத்திக்கொண்டே, ஆறு முழுநீளத் திரைக்கதைகளை எழுதி முடித்திருந்தார். அவற்றுள் ஒன்றுகூடப் படமாகவில்லை.

“வேண்டாம் என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, சுவாமிஜி. பெரும்பாலும் பதிலே வருவதில்லை. தயாரிப்பு நிறுவனங்களுக்குச் சென்றால், முகவர் மூலமாக வாருங்கள் என்கிறார்கள். முகவரிடம் சென்றால், ஒரு படமாவது வெளிவந்த பிறகு வாருங்கள் என்கிறார்” என்றார். பிறகு சற்றே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பலனில் பற்று வைக்காதே என்று இன்று நீங்கள் பேசினீர்கள். அப்படியானால் நான் முகவரைத் தேடி அலைவதே பற்று அல்லவா? எழுதி முடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அமைதியாக இருப்பதுதானே கர்மயோகம்?”

‘முயற்சி செய்யுங்கள், மற்றதை இறைவனிடம் விட்டுவிடுங்கள்’ என்று நான் பதிலளித்தேன். அவர் வணங்கிவிட்டுச் சென்றார். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. எந்த இடத்தில் ‘விட்டுவிடுவது’ என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த இடத்தை நான் சுட்டிக்காட்டவில்லை. அதைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தபாலில் சேர்க்காத கடிதம்

பலனை எதிர்பாராமல் செயல்புரிய வேண்டும் என்பது கீதையின் போதனை. இதைக் கேட்டவுடன் நம்மில் பலர் செயலையே சுருக்கிவிடுகிறோம். எது நம் மனத்துக்கு இனிமையாக இருக்கிறதோ அதைச் ‘செயல்’ என்றும், எது அவமானத்துக்கு இடமளிக்கிறதோ அதைப் ‘பலன்’ என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். தனிமையில் அமர்ந்து எழுதுவது இனிமையானது. எழுதியதை அந்நியர் ஒருவர் முன் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது கடினமானது. கடினமான பகுதியைத் தவிர்ப்பதற்குப் பற்றின்மை என்னும் அழகிய பெயர் நமக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது.

ஒருவர் கடிதம் எழுதுகிறார். முகவரி எழுதாமல், தபாலில் சேர்க்காமல் வைத்துவிட்டு, ‘பதில் வருமா என்ற கவலை எனக்கில்லை’ என்கிறார். அவரைப் பற்றற்றவர் என்று யாரும் கூறமாட்டார்கள். கடிதம் எழுதும் செயலை அவர் முடிக்கவே இல்லை என்றுதான் கூறுவார்கள். திரைக்கதையும் அத்தகையதே. கவிதையோ நாவலோ எழுதி முடித்த அளவிலேயே முழுமை பெற்றுவிடும். திரைக்கதை அவ்வாறன்று. இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர் எனப் பலர் சேர்ந்து செய்யப்போகும் பணிக்கான வரைவு அது. எனவே உரியவர் கையில் சேர்ப்பதும் திரைக்கதை எழுதும் செயலின் பகுதியே. அதைப் படித்தவர் ‘சரி’ என்பதோ ‘வேண்டாம்’ என்பதோதான் பலன். கதவைத் தட்டுவது செயல். கதவு திறப்பது பலன். எல்லைக்கோடு இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. எழுதுவதற்கும் தட்டுவதற்கும் இடையில் அல்ல.

ஓர் அறிமுகக் கடிதம்

இதற்குச் சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1893-ஆம் ஆண்டு, அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்கள் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். ஜூலை மாத இறுதியில் சிகாகோவை அடைந்த சுவாமிஜி, சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்பதை அறிந்தார். தகுந்த அமைப்பின் சான்றில்லாத எவரையும் பிரதிநிதியாக ஏற்க முடியாது என்றும், பெயரைப் பதிவு செய்யும் காலமும் கடந்துவிட்டது என்றும் அங்கே தெரிந்துகொண்டார். கையில் பணமும் குறைந்துகொண்டிருந்தது. செலவு குறைவான பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டைச் சந்தித்தார். சுவாமிஜியின் பேரறிவைக் கண்டு வியந்த அவர், மகாசபைக் குழுவினருக்கு அறிமுகக் கடிதம் எழுதிக்கொடுத்தார்.

சுவாமிஜி அக்கடிதத்தை மறுக்கவில்லை. ‘உண்மைக்குச் சிபாரிசு எதற்கு?’ என்று கேட்டு ஒதுங்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்பினார். செல்ல வேண்டிய இடத்தின் முகவரி தொலைந்துபோனது. ரயில் நிலையப் பகுதியிலேயே ஓர் இரவைக் கழித்தார். மறுநாள் வீடுவீடாக வழி கேட்டபோது சில வீடுகளில் கதவுகள் முகத்துக்கு நேராக அடைக்கப்பட்டன. இறுதியில் சோர்ந்து தெருவோரத்தில் அமர்ந்திருந்தவரை ஹேல் அம்மையார் கண்டு, தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உபசரித்தார். தட்டியவை பல கதவுகள். திறந்ததோ அவர் தட்டாத கதவு! முயற்சி நம்முடையது, திறக்கும் கதவைத் தேர்ந்தெடுப்பது நம்முடையதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? நமக்காகப் பேசக்கூடிய ஒருவரைத் தேடுவது பற்றின்மைக்கு எதிரானதன்று.

ஐவர் செய்த செயல்

இனி நிராகரிப்பின் வேதனைக்கு வருவோம். ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் வேண்டும் என்று கீதையின் 18-ஆம் அத்தியாயம் கூறுகிறது: செயலுக்கு இருப்பிடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வாறிருக்க, தான் ஒருவனே செய்பவன் என்று எண்ணுபவன் உள்ளதை உள்ளவாறு காணாதவன் என்றும் அது கூறுகிறது.

ஒரு திரைக்கதை ஏற்கப்படாததற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தயாரிப்பாளரிடம் பணம் இல்லாதிருக்கலாம். பொருத்தமான நடிகருக்குத் தேதி இல்லாதிருக்கலாம். அதே போன்ற கதை ஒன்று ஏற்கனவே படப்பிடிப்பில் இருக்கலாம். 1973-இல் வெளிவந்து ஹிந்தித் திரையுலகின் போக்கையே மாற்றிய ‘ஜஞ்சீர்’ படத்தின் கதையை முன்னணி நடிகர்கள் சிலர் மறுத்த பின்னரே அது அமிதாப் பச்சனிடம் வந்து சேர்ந்தது. மறுக்கப்பட்ட நாளிலும் ஏற்கப்பட்ட நாளிலும் கதை ஒன்றேதான். எனவே ஐவர் சேர்ந்து செய்ததை ஒருவன் கணக்கில் எழுதுவது பிழை. வெற்றியில் அப்படி எழுதினால் கர்வம். தோல்வியில் எழுதினால் தாழ்வுணர்ச்சி. இரண்டும் ஒரே கணக்குப் பிழைதான்.

ஆனால் இதைச் சாக்காகக் கொள்ளவும் கூடாது. கருவியும் முயற்சியும் நம் பொறுப்பில் உள்ளவை. இடைவேளைக்குப் பின் கதை தளர்கிறது என்று மூவர் கூறினால், அதைத் தெய்வத்தின் மீது சுமத்த இயலாது. ஆகவே ஒவ்வொரு நிராகரிப்பையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அதில் படைப்பின் குறையைக் காட்டும் பகுதி ஒன்று. அதை நன்றியுடன் ஏற்றுத் திருத்த வேண்டும். பிறருடைய சூழ்நிலையைக் காட்டும் பகுதி ஒன்று. அதை விட்டுவிட வேண்டும். ‘ஆகவே நான் எதற்கும் உதவாதவன்’ என்பது மூன்றாவது பகுதி. அதை எவரும் நமக்கு அனுப்பவில்லை. நம் அகங்காரமே சேர்த்து எழுதிக்கொண்டது.

நான் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடங்கிய காலத்தில், என் முதல் கையெழுத்துப் பிரதியை ஒரு மூத்த சுவாமிகள் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தந்தார். இரண்டு நாட்கள் அதை நான் தொடவேயில்லை. மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தபோதுதான், அவர் திருத்தியது வாக்கியங்களை மட்டுமே என்பது புரிந்தது. காயப்பட்டிருந்ததோ வாக்கியம் அல்ல, நான். அந்த ‘நான்’ அங்கே எப்படி வந்தது? பிறருடைய நூலை மொழிபெயர்த்தவனுக்கே இந்த நிலை என்றால், சொந்தக் கதையை எழுதியவருடைய வேதனையை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

பற்றின்மையும் பொறுப்பின்மையும்

பிரதிநிதியைத் தேடலாம் என்றோம். ஆனால் யாரை, எப்படி? வங்க இயக்குநர் சத்யஜித் ரேயின் அனுபவம் இங்கே நினைவுகூரத் தக்கது. வேற்றுக் கிரகத்திலிருந்து வங்காளக் கிராமம் ஒன்றுக்கு வரும் உயிரினத்தைப் பற்றி 1967-இல் அவர் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையை எழுதினார். இலங்கையில் வாழ்ந்த மைக் வில்சன் என்பவர் அதை அமெரிக்காவில் எடுத்துச் சொல்லும் பொறுப்பைத் தாமே முன்வந்து ஏற்றார். கொலம்பியா நிறுவனமும் ஆர்வம் காட்டியது. ஆனால் ரே அமெரிக்கா சென்றபோது, தம் திரைக்கதையின் பிரதிகளில் பதிப்புரிமை வில்சன், ரே ஆகிய இருவர் பெயரிலும் குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். படம் எடுக்கப்படவேயில்லை. வில்சன் சில காலத்துக்குப் பின் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் இலங்கையில் வாழ்ந்தார். திரைக்கதையின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினார்.

வில்சனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. உலகப் புகழ்பெற்ற ஒரு கலைஞருக்கே இது நேர்ந்தது என்பதுதான் நாம் கருத வேண்டியது. பலனில் பற்றில்லை என்பதற்காக, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது துறவு ஆகாது, அது பொறுப்பின்மை. மும்பையில் உள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகித் தம் படைப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். திரையரங்கில் காட்டப்படுவதைத் தவிர்ந்த பிற பயன்பாடுகளில் எழுத்தாளருக்கு உரிய உரிமத்தொகைப் பங்கை 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாதுகாக்கிறது. இவற்றை அறிந்து கொள்வதும் செயலின் பகுதியே. இல்லறத்தானுக்குப் பொருளைக் காப்பதும் தர்மம் அல்லவா? எங்களைப் போன்ற துறவிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: உரிமையை விடுவதற்கு முன், அது யாருடையது என்று பார்த்துவிட வேண்டும்.

ரே என்ன செய்தார்? தமக்கு நேர்ந்ததை மறைக்கவில்லை; விரிவாகவே எழுதினார். அதே சமயம் பணியை நிறுத்தவுமில்லை. 1969-இல் அவருடைய ‘கூப்பி கைனே பாகா பைனே’ வெளிவந்து வங்கக் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்ந்தது. படமாகாத அந்தத் திரைக்கதை 2018-இல் நூலாக அச்சேறியது. அதைக் காண ரே இல்லை. அவர் 1992-இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு பேரமும் சில கேள்விகளும்

‘பற்றில்லாமல் உழையுங்கள், வெற்றி தானே தேடி வரும்’ என்று சிலர் கூறக் கேட்கிறோம். நல்ல எண்ணத்துடன் சொல்லப்படும் இந்த வாக்கியம் உண்மையில் கர்மயோகத்துக்கு முரணானது. பலன் வரும் என்பதற்காகப் பலனைத் துறப்பது துறவு அன்று, பேரம். அத்தகைய வாக்குறுதி எதையும் கீதை அளிக்கவில்லை. அந்த இளைஞரின் ஆறு திரைக்கதைகளும் கடைசிவரை படமாகாமலே போகலாம். இதை மறைத்து அவருக்கு ஆறுதல் கூறுவது நேர்மையாகாது.

அவ்வாறெனில் கர்மயோகத்தால் அவருக்குக் கிடைப்பது என்ன? வேலை செய்யும் கையிலிருந்து நடுக்கம் நீங்குகிறது. ஒருவர் பற்றுடன் இருக்கிறாரா இல்லையா என்பதை, அவர் கதவைத் தட்டுகிறாரா என்பதைக் கொண்டு அறிய முடியாது. வேறு சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கதவு திறப்பதற்காக நான் பொய் சொல்வேனா? பிறர் கதையை என் கதை என்பேனா? உடன் தங்கியிருக்கும் நண்பரின் கதை ஏற்கப்பட்டால் என் முகம் மலருமா, சுருங்குமா? இன்று ‘வேண்டாம்’ என்ற பதில் வந்தால், நாளைக் காலையில் என்னால் மேசைமுன் அமர முடியுமா? ஊரில் முதிய பெற்றோர் காத்திருக்க, இந்த வழியை விட்டு வேறு தொழிலை ஏற்பதே கடமை என்று தெளிவானால், கசப்பின்றி ஏற்பேனா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதிலளிக்க முயல்வதே சாதனை. இதற்குக் குகையும் காடும் தேவையில்லை. அந்தேரியின் வாடகை அறையே போதும்.

சென்ற ஆண்டு நான் இக்கருத்துகளைக் கடிதமாக எழுதி அந்த இளைஞருக்கு அனுப்பினேன். அவருடைய பதில் சுருக்கமாக இருந்தது. பழைய திரைக்கதைகளுள் இரண்டைத் திருத்தியிருக்கிறார். சங்கத்தில் பதிவு செய்திருக்கிறார். மூன்று இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஓரிடத்திலிருந்து மறுப்பு வந்துவிட்டதாம். ‘மறுப்புக் கடிதத்தைப் படித்தேன் சுவாமிஜி. அதில் இரண்டாம் பகுதியைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான். நாளை அதைத் திருத்தத் தொடங்குகிறேன்’ என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தில் அவர் இம்முறை என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கதவுகள் திறக்கட்டும், திறக்காமலிருக்கட்டும். தட்டும் கை தூய்மையாக இருக்கவும், தட்டிவிட்டுத் திரும்பி வந்து மீண்டும் தன் பணியில் அமரவும் வேண்டிய வலிமையை அன்னை அவருக்கும் நமக்கும் அருள்வாளாக!