இரு பக்கமும்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் கணக்கெழுதிய நாட்களில், ஒரு வேலைநிறுத்தத்தின்போது, இரு தரப்புக்கும் பேச்சுக் கொண்டுபோகிறவனாக இருந்தேன். தொழிலாளிகளிடம் போனால் நிர்வாகத்தின் நியாயம் வாயில் வந்தது. நிர்வாகத்தின் முன் நின்றால் தொழிலாளிகளுடையது. இருவருமே என்னை மற்றவன் ஆள் என்றார்கள். எனக்கு ஆறுதல் தந்தது பள்ளிக்கூட ரஸாயனம்: அமிலத்திடம் காரமாகவும், காரத்திடம் அமிலமாகவும் நடந்துகொள்ளும் ஈரியல்புப் பொருள்கள்.

தண்ணீரே அப்படித்தான். 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே சொன்ன கணக்கில், புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திடம் தண்ணீர் வாங்குகிறது, அம்மோனியாவுக்குக் கொடுக்கிறது. அமிலம் என்பது ஒரு வஸ்துவின் ஜாதி அல்ல, ஓர் உறவில் அது செய்யும் காரியம் என்றாகிவிடுகிறது. (குணம் பிறப்பில் வருவது என்று நம்புகிறவர்கள் ரஸாயனம் படிக்காமலிருப்பது நல்லது.)

காகிதத்துக்கு இதெல்லாம் தெரியாது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாதவன் இந்தியன். அவ்வளவுதான்.

ஆனால் படிகாரம் என்னைத் தொந்தரவு செய்கிறது. கலங்கல் தண்ணீரில் அதைப் போட்டால் உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு அசல் ஈரியல்பு. அமிலம் மிஞ்சினாலும் கரையும், காரம் மிஞ்சினாலும் கரையும். இரண்டும் மிஞ்சாத நீரில்தான் வெண்பஞ்சாய்த் திரண்டு, அழுக்கைப் பற்றிக்கொண்டு அடியில் உட்காரும். இருபுறமும் இணங்க முடிகிற ஒன்று இருபுறமும் இல்லாமல் போகவும் கூடும். தண்ணீரும் சும்மா அமிலமாகிவிடுவதில்லை. கொடுத்த பின் ஹைட்ராக்சைடாக, ஒன்று குறைந்து, நிற்கிறது.

நான் எதைக் கொடுத்தேன்? அந்த மாதச் சம்பளம் எனக்குப் பிடித்தமில்லாமல் வந்தது. இரு பக்க நியாயமும் எனக்குப் புரிந்தது பொய்யில்லை. ஆனால் புரிவது ஒரு வினை ஆகுமா? சோற்றுப்புக் கரைசலிலும்தான் லிட்மஸ் நிறம் மாறுவதில்லை. அதை யாரும் ஈரியல்பு என்று சொல்வதில்லை.

வேலைநிறுத்தம் முறிந்தபின் நீக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று கொடுத்தார்கள். மூன்றாவது பெயர், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருநாள், ‘அண்ணே, நீங்க யாரு பக்கம்?’ என்று கேட்டவனுடையது. தண்ணீர் மாதிரி என்று சிரித்துக்கொண்டே சொன்னதாக ஞாபகம்.