ஒளி எட்டும் ஆழம்

 

ஈப்போ கடைகளில் நாம் எடைபோட்டு விற்கும் பங்கோர் நெத்திலிக்கு இரை அளிப்பவன் யார்? எல்லாம் வல்ல அல்லாஹுத் தஆலாவே. எவ்விதம் அளிக்கிறான் என்று சிந்திப்பதும் ஓர் இபாதத்தாகும்.

கடலின் மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடானுகோடி மிதக்கின்றன. வெயிலைக் கொண்டு அவை உணவு ஆக்குகின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் தின்கின்றன. சிற்றுயிர்களை நெத்திலி தின்கிறது. பூமியில் ஒளியால் விளையும் உணவில் ஏறத்தாழப் பாதி கடற்பாசிகளின் உழைப்பே.

ஆனால், அவ்வொளி எல்லா ஆழத்துக்கும் எட்டுவதில்லை. செந்நிற ஒளி மேல்நீரிலேயே பெரும்பாலும் மடிந்துவிடும்; தெளிந்த பெருங்கடலில் நீல ஒளியே ஆழ இறங்கும். 200 மீட்டருக்குக் கீழே பாசி பிழைக்க அதுவும் போதாது. 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே கிடையாது. சூரத்துந் நூரின் 40-ஆம் வசனம் ஆழ்கடலின் இருளையே நிராகரிப்போரின் செயல்களுக்கு உவமையாக்குகிறது.

வியாபாரப் பெருமக்களே! ஓர் ஆழத்தில் பாசியின் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கின்றன. மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எட்டும் இடம் அது. அதற்கு மேலே இலாபம். கீழே கைமுதலைத் தின்று அழிய வேண்டியதுதான்.

இந்த எல்லை எங்கும் ஒன்றல்ல. கலங்கிய கரையோர நீரில் அது மிகவும் மேலே வந்துவிடுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் மலிந்திருந்த காலத்தில் ஆறுகள் சேறு சுமந்து ஓடின. 1985-இல் ஈயச் சந்தை வீழ்ந்தபின் பெரும்பாலான லம்பங்கள் மூடப்பட்டன. ஆறு கடலுக்கு உரமும் கொண்டுசெல்கிறது. ஆனால் சேறு மிகுந்தால் அவ்வுரமும் இருளில் பயனற்றுக் கிடக்கும். சூரியன் குறையவில்லை, தண்ணீர்தான் கலங்கியது.

நமது கல்பும் அவ்வாறே. கடை இருக்கிறது, முதல் இருக்கிறது, பரக்கத் இல்லையே என்று புலம்புகிறோம். தராசில் திருடிய எடை, பழைய சரக்கைப் புதிதென்று விற்ற பொய், சிப்பந்திக்கு நாள் கடத்திய சம்பளம் ஆகியவையே நமது சேறு. பாவத்தால் கல்பில் கரும்புள்ளி விழும் என்றும், தவ்பாவால் அது துடைக்கப்படும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

ஆகவே, இன்றிரவு கணக்குப் புத்தகத்தை மூடுமுன் இந்தக் கணக்கையும் பாருங்கள். பிறருக்குரியதைக் கொடுத்துவிட்டு உறங்குங்கள். அல்லாஹ் நம் ரிஸ்கை ஹலாலாக்கி, கல்புகளில் நூரைப் பாய்ச்சுவானாக! ஆமீன்.