பெயரும் பேறும்

பிறந்தார் யாவரும் தாம் இறத்தலை அறிவர். அறிந்தும், தம் பெயரேனும் இறவாது நிற்றல் வேண்டுமென விழைவர். இவ்விழைவு வறியார்க்கும் உண்டு, செல்வர்க்கும் உண்டு. எனினும், அதனை முற்றுவித்துக்கொள்ளுதற்குரிய கருவியனைத்தும் கைவரப் பெற்றார் அரசரே. ஆதலின், பெயர் நிலைபெறுதல் உயிர்க்கு உறுதியாமோ ஆகாதோ என்னும் வினாவை ஆராய்வார்க்கு அரசர் வரலாறே தக்க சான்றாம். அவருள்ளும் இம்முயற்சியில் தலைநின்றார் பண்டை எகிப்து நாட்டு மன்னர். அவர்தம் வரலாற்றையும், எம் ஊராகிய மணிமங்கலத்துக் கல்வெட்டுக்களையும் ஒருங்குவைத்து நோக்கிச் சித்தாந்த நெறிபற்றி ஒரு முடிபு காண்டலே இவ்வுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சி எமக்கு நேர்ந்த காரணத்தை ஒளியாது கூறுதல் கடன். மூன்றாண்டுக்கு முன் ஒரு சிவாலயத்துக்கு வெண்கல நிலைவிளக்கு ஒன்று வார்ப்பித்தளித்தேம். அதன் அடிப்பீடத்தில் எம் பெயரை எங்ஙனம் பொறிப்பதெனக் கன்னார் வினவியபோது, புலமைப் பட்டத்தை முன்வைப்பதோ பின்வைப்பதோ என்று மூன்று நாள் எண்ணினேம். கார்த்திகைச் சோமவாரம் ஒன்றில், தந்தையின் கைபற்றி வந்த சிறுவனொருவன் அவ்விளக்கின்முன் குந்தி, எம் பெயரையும் பட்டத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் படித்து முடிதற்குள் தீபாராதனை முடிந்தது, திரையும் விழுந்தது. இறைவனைக் காட்டுதற்கு யாம் இட்ட விளக்கு எம்மையே காட்டிற்று. அன்றுமுதல் இவ்வினா எம்மை விட்டிலது.

இனி எகிப்து நாட்டார் கொள்கையைக் காண்பாம். அந்நாட்டின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒருகுடைக்கீழ் வந்தமை கி.மு. 3100 அளவினது, கிளியோபாட்ரா இறந்து நாடு உரோமர் கைப்பட்டமை கி.மு. 30-இல். இடைப்பட்ட மூவாயிரம் ஆண்டின் மன்னர்களை மனெத்தோ என்னும் கோயிற்குரு கி.மு. மூன்றாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் வரலாறு எழுதி முப்பது மரபினராக வகுத்தார். இன்றும் ஆராய்ச்சியாளர் தழுவுவது பெரும்பாலும் அவ்வகுப்பையே. அந்நாட்டு மன்னரைக் குறிக்கும் ‘பாரோ’ என்னும் சொற்குப் பெரிய மனை என்பது பொருள்; மனையின் பெயரே நாளடைவில் மன்னன்மேல் ஆயிற்று.

அவர் உயிர்க்குக் கூறுகள் பல உளவெனக் கொண்டனர். அவற்றுள் பெயரும் ஒன்று. பெயர் வழங்குமளவும் இறந்தார் வாழ்வர், பெயர் அழியின் அவரும் அழிவர் என்பது அவர் துணிபு. ஆதலின் மன்னன் ஐந்து பெயர் பூண்டான். அவற்றுள் இரண்டைக் கயிற்று வளையம் போன்ற கோட்டினுள் அடைத்துக் காவல் செய்தான். உடலைக் கெடாது பதப்படுத்தினான். அதற்கு மலையொத்த மனை எடுத்தான். நான்காம் மரபினனாகிய கூபு என்பான் கீசாவில் எழுப்பிய கூர்நுதிக் கோபுரம் முதற்கண் ஏறக்குறைய 146 மீட்டர் உயர்ந்தது. அதற்கு அடுக்கிய கற்கள் இருபது இலக்கத்துக்கு மேற்பட்டனவென்பர். அதனுட் கண்டது வெறுங் கற்பேழை, அவனுடல் கிடைத்திலது. அவன் பெயரோடு முழுவுருவாய்க் கிடைத்ததோ, 1903-இல் அபிதோசில் எடுத்த ஏழரை சென்டிமீட்டர்த் தந்தப்பாவை. மலை எடுத்தான் உருவம் ஒரு விரலளவின் எஞ்சிற்று.

பெயரே உயிரெனக் கொண்டார், பகைவர் பெயரை அழித்தலே கொலையினுங் கொடிய தண்டமெனவுங் கொண்டனர். பதினெட்டாம் மரபில் அரசு வீற்றிருந்த பெண்ணரசி ஆட்செப்சுட்டின் பெயரையும் உருவையும், அவட்குப்பின் ஆண்ட மூன்றாம் தூத்மோஸ் தன் ஆட்சியின் பிற்பகுதியிற் பலவிடத்தும் உளியாற் களைவித்தான். அம்மரபினனே ஆகிய அக்நாதன் ஆமன் என்னுந் தெய்வத்தின் பெயரைக் களைவித்தான். பின்வந்தோர் அவன் பெயரைக் களைந்தனர். முதலாம் சேத்தி அபிதோசுக் கோயிலில் முன்னோர் வரிசையென எழுபத்தாறு பெயர் பொறித்தான். அதனுள் ஆட்செப்சுட் இலள், அக்நாதன் இலன், இளையனாய் இறந்த துட்டன்காமனும் இலன். ஆயினும் அத் துட்டன்காமனது கல்லறை 1922-இல் திறக்கப்பட்டபின், வரிசையில் உள்ளார் பலரினும் வரிசையில் இல்லாத அவனையே உலகம் நன்கறியும். 2021-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள் கெய்ரோ நகரத்தில் இருபத்திரண்டு அரசயாக்கைகளைப் புதிய காட்சிச்சாலைக்கு ஊர்வலமாகக் கொண்டுசென்றனர். அழித்த தூத்மோசும் அழிக்கப்பட்டவளென அறியப்பட்ட பெண்ணரசியும் அவ்வூர்வலத்தில் ஒருங்கு சென்றனர். அவர்க்குள் இருந்த வழக்கை யார் தீர்த்தார்!

கல்லிற் பொறித்தமையாற் பெயர் வாழ்ந்ததோவெனின், அதுவும் இன்று. அவர்தம் ஓவியவெழுத்தின் இறுதிக் கல்வெட்டு பீலே என்னுந் தீவில் கி.பி. 394-இல் வெட்டியது. அதன்பின் அவ்வெழுத்தைப் படிப்பார் இலராயினர். 1822-இல் சாம்பொலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் திறங் கண்டறியும் வரை, ஆயிரத்து நானூறு ஆண்டு அப்பெயரனைத்தும் கண்ணெதிரே நின்றும் ஊமையாய்க் கிடந்தன. அந்நாட்டுச் செங்கடற்றுறையாகிய குசைர் அல்-கதீமில் கிடைத்த மட்கல ஓடுகளிற் கண்ணன், சாதன் எனத் தமிழ்ப்பெயர் இரண்டு கீறியுள்ளன. அவர் வாணிகம்பற்றிச் சென்றவராதல் வேண்டும். கலம் தமதென்று காட்டக் கீறினாரேயன்றி அழியாமை வேண்டிக் கீறினாரல்லர். ஆயினும் ஈராயிரம் ஆண்டாக அவை நின்றன. பெயர் நிற்றலும் அழிதலும் பெயருடையார் கையின்கண் இல்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி நம் நாட்டுக்கு வருவாம். மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்றனை உடைத்தாய் விளங்குவது. இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகட்குச் செல்லும் ஊர்திகள் இரவும் பகலும் அதனைக் கடந்தோடுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிங்கவர்மன் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் இது ஒன்று. அவன் ஓடிய முதுகினையே பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றியென்னும் எழுத்தைப் பொறித்தானெனக் கூரம் செப்பேடு புகழும். கி.பி. 642-ஐ அடுத்து வாதாபியும் வீழ்ந்தது. சின்னாளில் புலிகேசி மைந்தன் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினேமெனத் தன் செப்பேட்டில் எழுதிக்கொண்டான். முதுகில் எழுதிய வெற்றி ஒரு தலைமுறைக்கேனும் நின்றிலது.

பின்னர்ச் சோழர் வந்தனர். முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் என்பாருடைய நெடிய மெய்க்கீர்த்திகள் இவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. கி.பி. 1054-இல் கொப்பத்துப் போரில் அண்ணன் யானைமேல் துஞ்சத் தம்பி களத்திலேயே முடிசூடிய அவலமும், கூடல்சங்கமத்து வெற்றியும் இக்கற்களிலே படிக்கப்படுவன. வெற்றியைக் கல்லில் எழுதியதோடு அமையாது ஊர்ப்பெயரிலும் எழுதினர். அரசியர் பெயரால் உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் எனவும், பின் இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் எனவும், பாண்டியனை இருமுறை புறங்கண்ட பெருமையை அடைகொடுத்து நீண்டதொரு பெயராகவும் இவ்வூரை வழங்கினர். இன்று பேருந்துப் பலகையிற் காண்பது மணிமங்கலம் என்பதொன்றே. சோழர்க்கும் முன்னிருந்த அப்பழம்பெயர், வேந்தர் இட்ட பெயர்களையெல்லாம் கடந்து குடிகள் நாவிற் கிடந்து பிழைத்தது. கற்களிலிருந்த பெயர்களை உலகிற்கு மீட்டுக் காட்டியவரும் சோழரல்லர். 1899-இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்த ஹுல்ஷ் என்னும் செருமானிய நாட்டுப் புலவரே.

இவ்விரு நாட்டு வரலாற்றானும் பெயரின் நிலையாமை கண்டாம். நிலையாமை கண்டமட்டில் வினா முடிந்ததன்று. ஒருகால் ஊழிகாறும் அழியாது நிற்பதொரு பெயர் உளதெனக் கொள்வாம். அதனால் அப்பெயருடைய உயிர்க்கு வரும் ஊதியம் யாது? இஃதே ஆராய வேண்டுவது.

மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உடல் முதலியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இஃது உயிரன்று, இஃது உயிரன்று என நீக்கி, அவற்றின் வேறாய் உயிர் உண்மை நிறுவியருளினார். உடலே உயிரன்றாயின், உடற்கு இட்ட பெயர் உயிராதல் யாண்டையது? பெயர் சொல்; சொல்லோ மாயையின் காரியம். ஓருயிர் எடுத்த பிறவிதோறும் பெயர் வேறு. அவற்றுள் ஒன்றனைக் கல்லிற் காத்தல், பல வீடு மாறி வாழ்ந்தான் ஒருவன் அவற்றுள் ஒரு வீட்டின் கதவினை மட்டும் சுமந்து திரிதல் போலும்.

அன்றியும், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டும். பெயரைச் சார்ந்த உயிர் பெயரளவாய்ச் சுருங்கும். ஆட்செப்சுட்டின் பெயரைக் களைவித்தோனும், தன் பெயரைப் பகைவன் முதுகில் எழுதினோனும் அவ்வளவினராய் நின்றார். ஆணவமலம் அறிவை மறைத்து, வியாபகமாகிய உயிரை ஒரு சிறு வளையத்துள் அடங்கியதுபோல் எண்ணச் செய்யும். எகிப்தியர் பெயரைச் சுற்றி வரைந்த வளையத்துக்கு இதனினும் தக்க விளக்கம் யாம் அறியேம்.

அவர்தாமும் வினையை முற்றும் மறந்தாரல்லர். இறந்தார் நெஞ்சினை ஒரு தட்டிலும், வாய்மையின் அடையாளமாகிய இறகினை மற்றொரு தட்டிலும் இட்டுத் தெய்வங்கள் நிறுப்பர் என நம்பினர். வியக்கத்தக்க அறவுணர்வு இது. ஆயினும், நிறுக்குங்கால் நெஞ்சு தமக்கு மாறாகச் சான்று கூறற்க எனும் மந்திரத்தைக் கல்வண்டொன்றிற் பொறித்து மார்பின்மேல் வைத்தனர். சான்றினை வாயடைத்தல் கூடுமென்பது அவர் எண்ணம். நம் கொள்கையோ, வினை அறிவற்றதாகலின் தானே வந்து பொருந்தாது. அறிந்து கூட்டுவான் இறைவனே என்பது. நிறுப்பானும் சான்றாவானும் உள்நின்று அறிவானும் ஒருவனேயாயின், எவ்வண்டு எவ்வாயை அடைக்கும்?

இதனைத் தெளிந்தார் வாழ்வினை இம்மணிமங்கலத்துக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமானே காட்டியருளினார். வாதாபியை அழித்த படைத்தலைவர் சிறுத்தொண்டரை, அவர் அடியாரென்றறிந்த மன்னன் போர்க்கு விடுத்த பிழை பொறுக்கவேண்டி விடைகொடுத்தான். அவர் வெற்றியைக் களத்திலே விட்டுச் செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதிடப் புகுந்தார். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றி மனத்திலேயே கோயில் எடுத்தார். அதே காலத்துக் காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்தான். இறைவன் முதற்கண் எழுந்தருளியது மனக்கோயிலில். அக்காடவர்கோனை இராசசிம்மன் என ஆராய்ச்சியாளர் கொள்வர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவன் தன் பட்டப்பெயர்களாக இருநூற்றுக்கு மேற்பட்டன பொறித்துள்ளான். பூசலார் கோயிலில் ஒரு பெயரும் இல்லை. எனினும் அவ்வேந்தன் பூசலாரைத் தேடிச்சென்று அடிவீழ்ந்தான். அவன் அடைந்த பேறு அவ்விருநூறு பெயராலன்று, அவ்வொரு வணக்கத்தால் என்க.

அற்றேல், கல்வெட்டும் கொடைப்பெயரும் வேண்டாவோ எனின், அஃதன்று. அறக்கொடை தவறாது நடத்தற்குச் சான்று வேண்டும். கல்வெட்டு அதற்கு முறி. நம் நாட்டுச் சாசனங்கள் பலவற்றின் முடிவிலே ஒன்று காணலாம். இவ்வறத்தைப் பின்வந்து காப்பானுடைய திருவடி எம் தலைமேலது என்பதே அது. நாடு பல அழித்தேமென்று தொடங்கும் மன்னன், இன்னும் பிறவாத, பெயரறியாத ஒருவன் அடியைத் தன் முடிமேல் ஏற்று முடிக்கின்றான். ஒரே கல்லில் தலைப்பு ஆணவத்துக்கும் முடிவு அறத்துக்கும் உரியவாயின. இத்தகைய வணக்கம் கூபுவின் மலையில் இல்லை. இறந்த பாட்டனார் அரிஞ்சயற்கு முதலாம் இராசராசன் மேற்பாடியில் எடுத்த பள்ளிப்படையிலும், வழிபாடு பெறுவது யாக்கையன்று, சிவலிங்கம். பெயர் ஈசுவரனை அடைந்து அவன் திருப்பெயர்க்கு அடையாய்த் தேய்ந்தது. பெயர்க்கு உய்தி அவ்வாறு தேய்தலே.

இதனால், திருப்பணி செய்வார்க்கு ஒருசொல் உரைப்பாம். பழங் கல்வெட்டுக்களை மணல்வீசித் தேய்த்தும் வண்ணம் பூசியும் மறையாதொழிக. அவை பிறர் செய்த அறத்தின் முறிகள். புதியன எழுதுங்கால் அறத்தை விரித்தும் பெயரைச் சுருக்கியும் எழுதுக.

எம் விளக்கினை யாது செய்தீர் என வினவுவார்க்கும் விடை கூறுதும். பெயரை அராவிவிடக் கருதிக் கன்னாரை அழைத்தேம். அவர் வருமுன், அராவியபின் ‘பெயரைத் துறந்தான்’ என்னும் புதுப்பெயரையும் எம் நெஞ்சு விரும்புதல் கண்டு நாணி, அவரைத் திருப்பியனுப்பினேம். அக்கோயிலில் நாள்தோறும் புளியிட்டு விளக்கும் முதியவள் ஒருத்தி உளள். அவட்கு எழுத்தறிவு இல்லை. அவள் கையால் எம் பட்டத்தின் முதலெழுத்து இப்பொழுதே மழுங்கியுள்ளது. எஞ்சியதனையும் அத்தொண்டே தேய்த்துவிடும். விளக்கு மட்டும் எரியும்.

திருச்சிற்றம்பலம்.