இன்றைக்கான மன்னா



வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சுட்டிக்காட்டிய இயேசு, முடிவில் நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்வதை இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 6:24-34) கேட்டோம். கேட்கும்போதே சிலருக்கு மனம் கனத்திருக்கும். புதன்கிழமை ஸ்கேன் முடிவு வரவேண்டும். மகளுக்கு வந்த வரன் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறது. குழுக் கடனுக்குத் தவணை கட்டும் நாள் நெருங்குகிறது. இத்தனையும் இருக்க எப்படிக் கவலைப்படாமல் இருப்பது?

இயேசு யாரிடம் இதைச் சொன்னார் என்று பாருங்கள். அவரைச் சூழ்ந்திருந்த கலிலேயா மக்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகள். காலையில் சந்தைவெளியில் நின்று, யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் மாலையில் ஒரு தெனாரியம் கிடைக்கும். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அன்றைய கூலி கைக்கு வந்தால்தான் அன்று இரவு அடுப்பெரியும். வசதியானவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அல்ல இது. துன்பமே வராது என்றும் ஆண்டவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய தொல்லை உண்டு என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். நாளைய தொல்லையையும் சேர்த்து இன்றே சுமக்காதீர்கள் என்பதுதான் அவர் கேட்பது.

ஏன் அப்படிக் கேட்கிறார்? விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்தால் விளங்கும். பாலைநிலத்தில் மக்கள் பசியால் முணுமுணுத்தபோது கடவுள் மன்னா கொடுத்தார். காலையில் பனி உலர்ந்ததும் அது தரையில் கிடந்தது. வெயில் ஏறினால் உருகிப்போகும். அவரவர் தேவைக்கு அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மோசே சொல்லியும் கேளாமல் சிலர் மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள். அது புழுவைத்து நாறியது. அவர்கள்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். நாளைக்கும் கிடைக்கும் என்று நம்ப அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அதைக் கற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின.

அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுக்கச் சொல்லப்பட்டது. ஓய்வுநாளுக்காக எடுத்து வைத்த அந்த மன்னா கெட்டுப்போகவில்லை. ஆகவே, முன்னேற்பாடு செய்வதைக் கடவுள் தடுப்பதில்லை. சீட்டுப் போடுங்கள், பிள்ளையின் படிப்புக்குச் சேமியுங்கள், விதைநெல்லை எடுத்து வையுங்கள். இவை இன்றைக்குச் செய்து முடிக்கக்கூடிய வேலைகள். முடித்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இன்னும் வராத ஒரு நாளை மனதுக்குள் நூறு விதமாக வாழ்ந்து பார்க்கிறோமே, அதற்குத்தான் நம்மிடம் பலம் இல்லை. அந்த நாளுக்கான அருள் அந்த நாளில்தான் தரப்படும்.

இதை வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வியட்நாம் நாட்டு ஆயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1975 ஏப்ரலில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணைப் பேராயராக நியமித்தார். சில நாட்களில், ஏப்ரல் 30 அன்று, சைகோன் நகரம் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, புதிய ஆட்சியாளர்கள் அவரைக் கைது செய்தார்கள். அப்போது அவரிடம் இருந்தது பையில் ஒரு செபமாலை மட்டும். அவருக்கு வயது 47. விசாரணையே இல்லாமல் 13 ஆண்டுகள் சிறைவாசம். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

விடுதலை எப்போது என்று அவருக்குத் தெரியாது. அதற்காகக் காத்திருந்தே நாட்களைக் கழிப்பதில்லை, கையில் இருக்கும் இந்த நேரத்தை அன்பால் நிரப்புவேன் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தார். இந்த முடிவு அவரைச் சும்மா உட்காரவைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், வீட்டுக்காவலில் இருந்தபடியே, அதிகாலைத் திருப்பலி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைச் சைகை காட்டி அழைத்து, பழைய நாட்காட்டித் தாள்கள் கேட்டார். இரவில் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் தம் மக்களுக்காகச் சிறுசிறு சிந்தனைகள் எழுதினார். காலையில் சிறுவன் வாங்கிக்கொண்டு போவான், அவன் உடன்பிறந்தவர்கள் படியெடுப்பார்கள். இப்படிச் சேர்ந்த 1001 சிந்தனைகள் பின்னர் நூலாகிப் பல மொழிகளுக்குப் போயின.

வயிற்றுவலி மருந்து என்று எழுதிய சிறு குப்பியில் திருப்பலிக்கான திராட்சை இரசம் சிறைக்குள் வந்தது. உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டு தண்ணீர். அந்தக் கையே அவருக்குப் பீடம். காவலர்களிடம் அன்பாகப் பேசி, அவர்களுக்கு மொழிகள் கற்றுக்கொடுத்தார், அவர்கள் நண்பர்களானார்கள்.

அவருக்கும் கலக்கம் வந்தது. தம் மறைமாவட்டத்தில் தொடங்கிய பணிகள் என்ன ஆகுமோ, குருமாணவர்களும் மக்களும் என்ன செய்வார்களோ என்று தனிமைச் சிறையில் தூக்கமின்றி வேதனைப்பட்டார். ஓர் இரவில் அவர் உள்ளத்தில் தெளிவு பிறந்தது: கடவுள் வேறு, கடவுளுக்காக நான் செய்யும் பணிகள் வேறு, அந்தப் பணிகளை அவர் வேறு ஆட்களைக் கொண்டும் செய்துகொள்வார். அதன்பின் மனதில் அமைதி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1988 நவம்பர் 21 அன்று விடுதலையானார். 2001இல் கர்தினாலாகி, அடுத்த ஆண்டு உரோமையில் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பெற்றோர்களே, உங்கள் கவலையில் பெரும்பங்கு பிள்ளைகளைப் பற்றியது. அந்த ஆயர் தம் மக்களை நேசித்ததுபோலவே நீங்களும் பிள்ளைகளை நேசிக்கிறீர்கள். ஆனால், மகனுக்கு முப்பது வயதில் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்று மாலை அவன் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். இரவு குடும்பச் செபத்தில் நாளைய காரியங்களைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் கொடுங்கள்: ஸ்கேன், தவணை, வரன், பரீட்சை. எதையும் மறைக்க வேண்டாம்.

சிலருக்குக் கவலை நோயாகவே மாறிவிடுகிறது. தூக்கம் போய், சாப்பாடு போய், நெஞ்சு படபடக்கிறது. இது விசுவாசக் குறைவு அல்ல. அப்படிச் சொல்லி அவர்களைப் புண்படுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மருத்துவரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும், கூடவே வீட்டார் ஒருவர் போக வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன்.