தெளிதலும் ஐயுறவும்: நம்பிக்கைக் கணிப்பு மாதிரிகள் குறித்த அறவியல் நோக்கு

சமூக வலைப்பின்னல்களிலும் மென்பொருள் முகவர் அமைப்புகளிலும் நம்பிக்கை வளர்வதையும் தேய்வதையும் கணித வழியில் அளக்கும் மாதிரிகள் பல உள்ளன. அவை அளப்பது நம்பிக்கையைத்தானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2002இல் யோசாங், இசுமாயில் ஆகியோர் முன்வைத்த பீட்டா நற்பெயர் முறையைச் சான்றாகக் கொள்ளலாம். நல்ல நிகழ்வுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, மொத்த நிகழ்வுகளோடு இரண்டைக் கூட்டிய தொகையால் வகுப்பர். முன்பின் அறியாதவர்க்கு 0.5; பத்தில் எட்டு முறை சொல் காத்தவர்க்கு 0.75. பழைய நிகழ்வுகளின் எடையைக் குறைக்க 'மறதிக் காரணி' ஒன்றும் உண்டு. அது 1 எனில் எதுவும் மறக்கப்படாது. 0 எனில் இறுதி நிகழ்வே எஞ்சும்.

குணமும் குற்றமும் நாடி, மிகுந்ததைக் கொள்ளுமாறு 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் கூறுகிறது. இதுவரை வள்ளுவரும் மாதிரியும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் அதிகாரத்தின் இறுதிக் குறள், ஆராயாது தெளிதலைப் போன்றே தெளிந்தவரிடம் ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என்கிறது. அங்கே ஆராய்ச்சிக்கு முடிவுண்டு; மாதிரியில் அது முடிவதேயில்லை. ஆதலின் மாதிரி தருவது எதிர்பார்ப்பின் அளவே, தெளிவு அன்று.

தெளியப்பட்டவரும் பின்னர்ப் பிழைக்கலாமே எனின், உண்மையே. அப்பிழையை எத்துணைக் காலம் நினைவில் வைப்பது என்பதுதான் மன்னிப்பின் வினா. மறதிக் காரணி அதற்கு ஓர் எண்ணால் விடையளித்து விடுகிறது. அவ்வெண்ணைத் தேர்பவர் அமைப்பாளர். அதன் விளைவைச் சுமப்பவர் அளக்கப்படுபவர். எனவே அத்தேர்வு கணிதத்தின்பாற்பட்டது மட்டுமன்று, அறத்தின்பாற்பட்டதும் ஆகும். அதற்குரிய காரணத்தை அளக்கப்படுபவர்க்குக் கூறுதல் அமைப்பாளரின் கடன் எனலாம்.