அபயக் கை யாருக்கு?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

காலேஜ் ஹாஸ்டலில் கசங்கிய சட்டையோடு வந்த நண்பனைப் பார்த்து, "என்னடா, அகதி மாதிரி இருக்க?"ன்னு கிண்டல் பண்ணேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. இலங்கைத் தமிழர் முகாம்ல பிறந்தவன்னு பிறகுதான் தெரிந்தது.

1983 கலவரத்துக்கு அப்புறம் உயிர் பிழைக்கக் கடல் தாண்டி வந்தவங்களோட பேரன் அவன். இங்கேயே பிறந்தான், இங்கேயே படிச்சான். ஆனா அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் குடியுரிமை இல்லாததால அவனுக்கும் கிடையாது. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவங்க இல்லை.

நாம முருகன்கிட்ட தினமும் கேட்கிறது என்ன? அபயம். அவங்க நம்மகிட்ட கேட்டதும் அதேதான்.

எதிர்த்துப் போர் செய்த சூரபத்மனையே மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வச்சுக்கிட்டவன் நம்ம கந்தன். ஒரு தப்பும் செய்யாதவங்களை நாம தள்ளி நிறுத்தலாமா?

"வர்றவங்க எல்லாருக்கும் இடம் எங்கே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். எத்தனை பேர், என்ன சட்டம்னு அரசு முடிவு பண்ணட்டும். வந்து நிற்கிற குடும்பத்தை மனுஷங்களா நடத்த எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். முகாம் முகவரியைப் பார்த்ததும் வாடகை வீடு இல்லைன்னு சொல்லாம இருக்கலாம். அன்னதானப் பந்தியில பக்கத்துல உட்காரலாம். "அகதி"ங்கிற வார்த்தையைக் கிண்டலுக்கு எடுக்காம இருக்கலாம்.

போன தைப்பூசத்தன்று அவனுக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "இன்னுமாடா ஞாபகம் வச்சிருக்க?"ன்னான். அவனும் மறக்கலன்னு அப்போதான் புரிஞ்சுது.

வேலும் மயிலும் துணை.